பார்க்க ஆட்கள் வருகிற நாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி கோபத்தில் கிடைத்தது.

குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்கு வரும் கரையோரப் பேருந்தில் நானும் அபூதாஹிர் சேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், நிலாவெளி கழிந்த பிறகுகூட ஒரு சொல் பேசவில்லை. வருடக்கணக்காக ஒன்றாய்ப் பாடம் பார்க்கப் போய்வருகிறவர்கள் நாங்கள். வழமையில் அவருடைய மருமகனின் வேலையிலிருந்து மீன் விலை வரைக்கும் வாய் ஓயாது. அன்று அவர் யன்னலோரம் இருந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். கிண்ணியாவில் பிறந்து வளர்ந்த மனிதருக்குக் கடலில் பார்க்க அப்படி என்ன புதிதாக இருக்கப்போகிறது? என் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான்.

எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடித்தவர்களை ஒரு வருடத்துக்கு ஒரு பாடசாலையில் இணைத்துவிடுவார்கள். பயிலுனர் என்று பெயர். அந்த வருடம் முழுக்க அவர்கள் அங்கே படிப்பிக்க வேண்டும். வருட முடிவில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் போய், வகுப்பின் பின்னால் கதிரை போட்டிருந்து, ஒரேயொரு பாடத்தைப் பார்ப்பார்கள். பாடம் சரிவந்தால் சான்றிதழ். சான்றிதழோடு நிரந்தர நியமனம். சரிவராவிட்டால் அந்த வருடத்தைத் திருப்பிச் செய்ய வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான், பெயர் இராசமலர். விரிவுரையாளர். மற்றவர் யன்னலோரம் இருக்கிறார்.

(விதிகளில் சிலவற்றைக் கதைக்கு வசதியாக நானே வளைத்திருக்கிறேன். எந்தக் கந்தோரிலும் போய் விசாரிக்க வேண்டாம்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதைக் கண்டாலும் புள்ளி போட்டுப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் போடுவேன், கோயில் மேளத்துக்குப் போடுவேன், என் பேரனின் முதல் நடைக்குக்கூட மனதுக்குள் போட்டேன். இந்தக் கதைக்கும் போட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். இதுவரைக்கும் பரவாயில்லை.

2

பாடம் என்றால் ஒரு பிரவேசம் இருக்க வேண்டும் என்று பயிலுனர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பிள்ளையின் கவனத்தை உள்ளே இழுக்கிற முதல் ஐந்தாறு வசனங்கள். ஆகவே இந்தக் கதைக்கும் ஒரு பிரவேசம் எழுதப் பார்த்தேன்.

முதலாவது: *அதிகாலைக் கடல் பொன்னாய் மின்ன, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜெயரூபி பாடசாலை வாசலில்—*

வேண்டாம். நான் பொன்னான கடல் எதையும் பார்க்கவில்லை. அன்று கச்சான் காற்று அடித்து, கண்ணுக்குள் எல்லாம் மணல்.

இரண்டாவது: *ஆசிரியம் என்பது தொழிலன்று, அது ஓர் அறப்பணி. அப்பணியில் தன்னை—*

வேண்டவே வேண்டாம். இப்படித் தொடங்குகிற கட்டுரைகளை வருடா வருடம் மூட்டையாகக் கட்டித் திருத்தக் கொண்டுபோகிறேன்.

மூன்றாவது: *வகுப்பின் கடைசி இரண்டு வாங்குகளும் வெறுமையாக இருந்தன.*

இது நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த வாங்குகளில் யார் இருக்க வேண்டியவர்கள் என்று தெரியாத உங்களை அந்த வெறுமை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. இந்த வசனத்தை மடித்து இடுப்பில் செருகி வைக்கிறேன். நேரம் வரும்போது எடுப்பேன்.

3

ஜெயரூபிக்கு ஊர் கிளிவெட்டி. வயல்காரக் குடும்பம். பட்டம் முடித்துவிட்டு வேலை வருமென்று இருந்த வருடங்களில் ஒரு புடைவைக் கடையில் நின்றாள், ரியூசன் கொடுத்தாள், பட்டதாரிகளோடு சேர்ந்து வெயிலில் பதாகையும் பிடித்தாள். கடைசியில் பயிலுனர் இடம் கிடைத்தபோது நியமனத்துக்கான வயதெல்லை அவளுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது. இந்த வருடம் சான்றிதழ் கிடைத்தால் ஆசிரியை. திருப்பிச் செய்யச் சொன்னால் வயது தாண்டிவிடும். பிறகு சான்றிதழ் இருந்தும் நியமனம் இல்லை. இது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவளை இணைத்த இடம் குச்சவெளிப் பக்கத்தில் கடற்கரையோடு ஒட்டிய சின்னப் பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிற இடம். (அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் கட்டினேன். கதை எழுதுகிறவளுக்கு இந்தச் சுகமாவது வேண்டாமா?)

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, எழுதுவதை நிறுத்தி இரண்டு நாள் இருந்தேன். ஜெயரூபி அளவுக்கு மீறி நல்லவளாக வந்துவிடுவாளோ? கஷ்டப்பட்ட குடும்பம், கடற்கரைப் பள்ளிக்கூடம், புன்னகை... முதல் பிரதியில் அவள் மூன்று இடத்தில் புன்னகைத்தாள். மூன்றையும் வெட்டினேன். வருட நடுவில் நான் மேற்பார்வைக்குப் போன நாட்களில் அவள் சிரித்து நான் கண்டதில்லை. சத்தம் போடுவாள். வெண்கட்டியை உடைப்பாள். அதிபரோடு வாதாடுவாள், என்னோடும் வாதாடுவாள். பாடத்திட்டத்தில் எப்போதும் பின்தங்கியே இருந்தாள். ஏனென்றால் அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

அவளுடைய தரம் ஏழு வகுப்பில் தமிழ்ப் பாடம் தொடங்கினால் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஒரு வரி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும். முன்வாங்குப் பிள்ளைகள் படபடவென்று வாசித்து இருந்துவிடுவார்கள். கடைசி இரண்டு வாங்கும் எழுத்துக் கூட்டி, தடக்கி, நின்று, திரும்பப் போய் வாசிக்கும். ஒருவரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. ஒருவரும் சிரிக்கக் கூடாது. எவ்வளவு நேரம் சென்றாலும் முழு வகுப்பும் காத்திருக்கும். பாடவேளை அதிலேயே போய்விடும் நாட்களும் இருந்தன. "நேர முகாமைத்துவம் போதாது" என்று என் கையாலேயே எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசி வாங்கின் தலைவி ஷிஃபானா என்ற பிள்ளை. வாசிப்பில் அந்த வகுப்பிலேயே ஆகப் பின்னுக்கு. மற்ற எல்லாவற்றிலும் ஆக முன்னுக்கு. விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிப்பதா, சிரமதானத்துக்கு ஆள் பிரிப்பதா, அவள் கையைக் காட்டினால் நடக்கும். இவளைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைத் திருப்பப் போகிறவள் இவள்தான், நான் இல்லை.

4

அந்தப் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே மட்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

வெளியிலிருந்து யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், முதல் நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் சோமசேகரம் உரத்த குரலில் அறிவிப்பார்: நாளைக்கு ஆட்கள் பார்க்க வருகிறார்கள், எல்லோரும் வர வேண்டும். அதற்குப் பிறகு இடைவேளையில் வகுப்பாசிரியர்கள் சில பிள்ளைகளை மட்டும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, நாளைக்கு உனக்கு வீட்டில் வேலை இருக்கும் அல்லவா என்று மெதுவாகக் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு விளங்கும். அடுத்த நாள் வகுப்பு சுத்தமாக, கெட்டித்தனமாக, கை தூக்கிக்கொண்டு இருக்கும். பார்க்க வந்தவர்களும் தேநீர் குடித்துவிட்டு நல்லபடி எழுதிவிட்டுப் போவார்கள்.

சோமசேகரத்தைத் திட்டி ஒரு பந்தி எழுதினேன். பிறகு அழித்தேன். பிள்ளைத்தொகை குறைந்த பாடசாலையை மூடிவிடுவார்களோ என்ற பயம் அந்த மனிதருக்கு. ஒரு மோசமான அறிக்கை வந்தால் போதும். பயந்த மனிதரை வில்லனாக்குவது சுகமான வேலை, அதனால்தான் எனக்கு அது வேண்டாம்.

ஜெயரூபியிடமும் அவர் மெதுவாகச் சொன்னார். அவள் ஏலாது என்றாள். தன் வகுப்பில் யாரையும் நிற்பாட்டுவதில்லை என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. உங்கட விருப்பம் பிள்ளை, போகப்போறது உங்கட வருசம் என்று மட்டும் சொன்னாராம்.

அவள் வகுப்புக்குப் போய்ச் சொன்னாள்:

"நாளைக்கு ஆக்கள் பாக்க வருகினம். எல்லாரும் வரவேணும்."

அவ்வளவுதான். இடைவேளையில் யாரையும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிடவில்லை. சொன்னதைச் சொன்னபடி நினைத்துத்தான் சொன்னாள்.

5

மடித்து வைத்த வசனத்தை இப்போது எடுக்கிறேன்.

வகுப்பின் கடைசி இரண்டு வாங்குகளும் வெறுமையாக இருந்தன.

நானும் அபூதாஹிர் சேரும் அந்த வாங்குகளுக்கும் பின்னால் கதிரை போட்டு இருந்தோம். எங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் வெறும் பலகை. ஜெயரூபி கயிறு கட்டி வாசிப்பு அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தாள். காற்றுக்கு அவை ஆடிக்கொண்டிருந்தன. முன்வாங்குகளில் எண்ணெய் வைத்துத் தலை வாரிய பிள்ளைகள், கை தூக்கத் தயாராக. மணி அடித்தது.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். இவளும் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பாடம் சுகமாக முடியும், புள்ளியைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஜெயரூபி தொடங்கவில்லை. வெண்கட்டியைக் கையில் வைத்தபடி கடைசி வாங்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டாள். திரும்பவும் கேட்டாள். முன்வாங்கிலிருந்த இராகுலன் என்ற பெடியன் எழுந்தான். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"அவையள் வாடிக்குள்ள இருக்கினம் டீச்சர். பாடம் முடிய வருவினம்."

(வாடி என்றால் மீன்பிடிக்காரர் வலையும் சாமானும் வைக்கிற ஓலைக் கொட்டில். பாடசாலை வேலிக்குப் பின்னால் மணலில் ஒன்று இருக்கிறது.)

எங்கள் வழிகாட்டியில் ஒரு விதி உண்டு. மணி அடித்த பிறகு பயிலுனர் வகுப்பறையை விட்டுப் போனால் பாடம் கைவிடப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அபூதாஹிர் சேர் அதை அவளுக்கு நினைவூட்டினார். மிரட்டவில்லை, உண்மையில் அவளுக்காகத்தான் சொன்னார். இருக்கிற பிள்ளைகளோடு தொடங்குங்கள், போனீர்கள் என்றால் எங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்.

"தெரியும் சேர்," என்றாள் ஜெயரூபி. "ஆனா அவங்கள் இல்லாம நான் இஞ்ச ஒண்டும் படிப்பிக்கேல்ல."

முன்வாங்குப் பிள்ளைகளைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழும்பச் சொன்னாள். அவர்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வாசலால் இறங்கி வேலிப் பக்கமாக நடந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் வகுப்பறையில் இரண்டு மதிப்பீட்டாளர்கள் மட்டும் மிஞ்சியிருந்தோம். அட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன.

(இந்தப் பகுதியை அபூதாஹிர் சேருக்கு வாட்சப்பில் அனுப்பினேன். குரல்பதிவில் பதில் வந்தது: "எல்லாம் சரி மெடம். ஆனா நம்மட கதிரையள வாடி மட்டும் தூக்கிட்டு வந்தது நான்தான். அதையும் எழுதுங்க." எழுதிவிட்டேன். இரண்டு கதிரையையும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார், மணலில் சப்பாத்துப் புதையப் புதைய. தோற்கடிக்கப் போகிற ஒருத்தியின் பாடத்தைப் பார்க்க அவ்வளவு பாடுபட்டு ஏன் போனீர்கள் என்று பதிலுக்குக் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.)

6

வாடிக்குள் நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதத்தில் ஷிஃபானா அழுதுகொண்டு ஓடிவந்து டீச்சரைக் கட்டிப்பிடிக்கிறாள். இரண்டாவதில் ஜெயரூபி அழுகிறாள். இரண்டையும் வாசித்துவிட்டு எனக்கே நான் சித்தியடையாத புள்ளி போட்டேன். நடந்தது வேறு.

பிள்ளைகள் வலைக் குவியலுக்குப் பின்னால் வரிசையாக இருந்தார்கள். வீட்டில் நிற்கவில்லை, பாருங்கள். சீருடை போட்டு, பை கொழுவி, வேலி வரைக்கும் வந்து, அங்கே ஒளித்திருந்தார்கள். டீச்சர் பாஸ் பண்ணினாரா என்று உடனே தெரிய வேண்டுமாம். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ஏன் வரவில்லை என்று ஜெயரூபி கேட்டாள். எல்லாத் தலையும் ஷிஃபானா பக்கம் திரும்பின.

"மத்த டீச்சர்மார் எங்களக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லுவாங்க," என்றாள் ஷிஃபானா. "நீங்க சொல்லல்ல. உங்களுக்குச் சொல்ல வெக்கமாக்கும் என்டு நாங்களே வராம நின்டுட்டம்."

அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் ஒரு வசனம் சொன்னாள்.

"புடிக்காத டீச்சர் என்டா வந்திருப்பம்."

ஒளிக்காமல் சொல்கிறேன், நல்ல காலம் காற்றுக்கு மணல் பறந்தது; கண்ணைத் துடைக்க ஒரு சாட்டு இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் டீச்சருக்குக் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை. தாங்கள் இல்லாமல் இருப்பதைக் கொடுத்தார்கள். அவ்வளவு அன்போடு அவ்வளவு பிழையான ஒரு காரியத்தை நான் கண்டதில்லை.

நான் கலங்கி நிற்க, ஜெயரூபிக்குக் கோபம் வந்தது. நிசமான கோபம். வாடிக்காரரின் நாய் எழுந்து அப்பால் போனது.

"ஒரு வருசமா ஒவ்வொரு நாளும் உங்கள எழும்பி வாசியுங்கோ எண்டு நான் சொன்னது ஆருக்கு?" என்று எங்களைக் கையால் காட்டினாள். "இவைக்கோ? இவை இண்டைக்கு வந்திட்டுப் போயிடுவினம். புத்தகத்த எடுங்கோ."

எடுத்தார்கள். முன்வாங்கு, பின்வாங்கு என்று அங்கே இல்லை. எல்லோரும் மணலில் இருந்தார்கள். பாடம் தொடங்கியது.

7

இனி வாசிப்பு. இங்கே வாசகர் என்ன எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். நானும் கதை வாசிக்கிறவள்தானே. ஷிஃபானா எழுந்து, எல்லோரும் வியக்க, தடக்காமல் கணீரென்று—

இல்லை. அப்படி நடக்கவில்லை. நடந்திருந்தால் நானும் அபூதாஹிர் சேரும் கதை பேசிக்கொண்டே பேருந்தில் வந்திருப்போம், நீங்களும் இதை வாசித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பாடம் களப்போரம் உப்புத்தண்ணீரில் வளரும் கண்டற்காடுகளைப் பற்றியது. ஒவ்வொரு பிள்ளையாக ஒரு வரி. காற்றுக்குப் பக்கம் புரண்டால் பிடித்து, விட்ட இடத்தைத் தேடி, திரும்பத் தொடங்கினார்கள். பாடக் குறிப்பில் இருந்த விளையாட்டும் நடக்கவில்லை, கலந்துரையாடலும் நடக்கவில்லை, அழகான அட்டைகள் வகுப்பறையிலேயே கிடந்தன. ஷிஃபானாவின் முறை வந்தது. முதல் சொல் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் நின்றாள். திரும்பப் போனாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றாள். எடுத்துக்கொடுக்க வாய் உன்னிய இராகுலன் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டதைக் கண்டேன். ஜெயரூபி அவளைப் பார்க்கக்கூட இல்லை. புத்தகத்தில் கண்ணை வைத்தபடி, உலகத்தில் உள்ள நேரம் எல்லாம் தன்னுடையது என்பதுபோல நின்றாள்.

பாடசாலையில் மணி அடித்தது. பாடவேளை முடிந்துவிட்டது.

ஒருவரும் எழும்பவில்லை. மணி அடித்தால் வாங்கு புரள ஓடுகிற வயதுப் பிள்ளைகள், ஒருவர்கூட எழும்பவில்லை. மணிச் சத்தம் ஓய்ந்த பிறகு ஷிஃபானா அந்தச் சொல்லை விட்ட இடத்திலிருந்து பிடித்து, அடுத்ததையும் பிடித்து, வரியை முடித்தாள். அதன் பிறகுதான் ஜெயரூபி, "இருங்கோ," என்றாள். பாராட்டவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்கிற அதே இருங்கோ.

8

பேருந்தில் நாங்கள் பேசாமல் வந்ததற்கு முன்பு, பேருந்துத் தரிப்பிடத்தில் பேசினோம். அபூதாஹிர் சேரின் பக்கத்தை நான் நேர்மையாக எழுத வேண்டும். அவர் இதை வாசிப்பார் என்பதற்காக மட்டுமல்ல. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது, அதுதான் என் கோபத்துக்கே காரணம்.

அவர் கேட்டார், பாடத்தின் நோக்கம் நிறைவேறியதா? இல்லை. நேரத்துக்கு முடிந்ததா? இல்லை. சாதனங்கள் பயன்பட்டனவா? இல்லை. விதி மீறப்பட்டதா? ஓம். அப்படியென்றால் எந்த இடத்தில் புள்ளி போடுவது? நல்ல மனதுக்கு எங்கள் படிவத்தில் கூடு இல்லையே. நான் சொன்னேன், இவ்வளவு வருடத்தில் மணி அடித்தும் எழும்பாத வகுப்பு ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவர் பார்த்ததில்லை என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு, தலைக் கவசம் இல்லாமல் போகிற மோட்டார் சைக்கிள்காரன் ஒருவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல புள்ளதான், நான் இல்லெண்டு சொல்லல்ல. ஆனா நாளைக்கு இன்னொருத்தன் வகுப்ப விட்டுட்டு வெளிய போவான். அவனுக்கும் நீங்க ஒரு கதை எழுதுவீங்களா மெடம்?"

இந்தக் கதை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எழுதினேன், கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டேன், பதில் இன்னும்—

விடுங்கள்.

நான் சித்தி என்று போட்டேன். அவர் சித்தியில்லை என்று போட்டார். இருவருமே மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை. இருவரும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது மதிப்பீட்டாளர் ஒருவர் போய் இன்னொரு பாடம் பார்க்க வேண்டும். அவர் சொல்வதுதான் முடிவு. அதோடு இனி முறையீடு கிடையாது.

9

மூன்றாவது மதிப்பீட்டாளர் நீங்கள்.

தப்பிக்க வேண்டாம். இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். உங்களுக்கு வகுப்பைத் தெரியும், பிள்ளைகளைத் தெரியும், எங்கள் இரண்டு பேரின் வாதமும் தெரியும்.

உங்களை அனுப்புவதற்கு முன்பு நான் ஒரு சூழ்ச்சி செய்யப் பார்த்தேன். ஜெயரூபிக்குத் தொலைபேசி எடுத்து, இந்த முறை நாள் சொல்லாமல் திடீரென்று ஆளை அனுப்புகிறேன் என்றேன். சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஒளிக்க வழியில்லை. வாங்குகள் நிரம்பியிருக்கும். பாடம் அமைதியாக நடக்கும். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தேன்.

"வேண்டாம் மெடம்," என்றாள். "சொல்லிப்போட்டே வரச் சொல்லுங்கோ."

பிள்ளை, யோசித்துப் பேசு என்றேன். பிள்ளைகள் திரும்பவும் உன்மேல் உள்ள பாசத்தில் வராமல் நின்றுவிட்டால், இந்த முறை வருகிற மதிப்பீட்டாளர் உன்னை வாடிக்குப் போக விடமாட்டார். வயது தாண்டிவிடும், அதோடு எல்லாம் முடிந்தது. பின்னால் கிளிவெட்டி வீட்டில் யாரோ கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

"தெரியாமல் வந்தா வாங்கு நிரம்பித்தான் இருக்கும். அதில எனக்கு என்ன இருக்கு? ஆக்கள் பாக்க வருகினம் எண்டு தெரிஞ்சுகொண்டு அவங்கள் வரவேணும்."

பயமில்லையா என்று கேட்டேன். பயம்தான் என்றாள்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஷிஃபானா எல்லோருக்கும் முதல் வந்து, கடைசி வாங்கைத் துணியால் துடைத்துவிட்டு, நிமிர்ந்து இருக்கிறாள். மற்றதில் கடைசி வாங்கில் இராகுலன் மட்டும் தனியாக இருக்கிறான், அங்கே ஓர் ஆளாவது இருக்கட்டுமென்று. இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன, அதனால் இரண்டையும் கிழித்தேன். அந்த வாங்குகள் ஏன் வெறுமையாக இருந்தன என்பதை நான் ஏற்கெனவே ஒருமுறை பிழையாகக் கணித்தவள்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நேற்று ஜெயரூபி வகுப்புக்குப் போனாள். வேறு மாதிரிச் சொல்லலாமா, நீங்கள் வராவிட்டால் என் வேலை போய்விடும் என்று உண்மையைச் சொல்லலாமா, ஷிஃபானாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றெல்லாம் பேருந்தில் யோசித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஒன்றும் செய்யவில்லை. தனியாக யாரையும் கூப்பிடவும் இல்லை. எல்லோர் முகத்தையும் பார்த்து, எத்தனையோ ஆசிரியர்கள் எத்தனையோ முறை பொய்யாகச் சொன்ன அதே வசனத்தைச் சொன்னாள்: நாளைக்கு ஆக்கள் பாக்க வருகினம், எல்லாரும் வரவேணும்.

ஷிஃபானா ஒன்றும் கேட்கவில்லையாம். பையைக் கொழுவிக்கொண்டு போய்விட்டாளாம்.

இன்று காலை நானும் வந்திருக்கிறேன், ஆனால் எனக்கு உள்ளே வர உரிமையில்லை. அபூதாஹிர் சேர் வேலை ஒன்றும் இல்லாமலே கிண்ணியாவிலிருந்து வந்து வேம்புக்குக் கீழே நிற்கிறார். கேட்டால் இந்தப் பக்கம் ஒரு அலுவல் என்கிறார். வாடிப் பக்கம் பார்க்கவே கூடாது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கதவு திறந்துதான் இருக்கிறது. நாங்கள் நிற்கிற இடத்திலிருந்து முன்வாங்குகள் மட்டும்தான் தெரிகின்றன.

மணி அடிக்கிறார்கள். உங்கள் கதிரை வகுப்பின் பின்னால் போட்டிருக்கிறது. அங்கே போய் இருக்க வேண்டுமென்றால் கடைசி வாங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். போங்கள்.